உருளைக்கிழங்குக்கும் ராஜதோஷம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பதுளை டவுனை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பு அறுந்தால் பதுளை, பல் வலித்தால் பதுளை, அடையாள அட்டை தொலைந்தால் பதுளை. அப்பேர்ப்பட்ட பதுளையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் காசு கேட்டார். அதையும் கொடுத்துவிட்டு, இடம் பிடிக்க முண்டியடித்து பஸ் ஏறினார்கள் நம் ஆட்கள்!

அந்த மகானின் பெயர் குபேரநாதன். ‘சுற்றுலா வழிகாட்டி, ராஜதோஷ நிவாரணர்’ என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி, வெள்ளிப் பூண் போட்ட நீளத் தடி. பதுளை ராஜாக்கள் ஆண்ட பழைய நகரமாம். அவர்களுடைய சாபம் தெருத்தெருவாக அலைந்து, வந்துபோகிறவர்களின் தோளில் ஏறிக்கொள்கிறதாம். மூன்று நாள் யாத்திரையில் இவர் இறக்கிவிடுவாராம். ராஜாவின் சாபத்துக்கு இத்தனை காலமாகச் சந்தைக்குப் போகிறவர்களின் தோள்தானா கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிறுத்துவதுபோல் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் வழிகாட்டி.

“இந்த பஸ் ஸ்டாண்டுக்கு அடியில ஒரு படையே பொதைஞ்சு கிடக்கு!”

“ஐயையோ! நான் இங்கதானே உக்காந்து வடை திம்பேன்!” என்று நெஞ்சில் கை வைத்தார் கருப்பம்மா.

அடுத்தது ரயில்வே ஸ்டேஷன். “கொழும்புல இருந்து வர்ற ரயில் ஏன் பதுளையோட நின்னுடுது? சாபத்துக்குப் பயந்துதான்!”

ஆகா, என்ன ஞானம்! அதற்கு மேல் தண்டவாளம் போடவில்லை என்ற சின்ன விஷயம் மட்டும் பாவம் அவருக்குத் தெரியவில்லை. கூட்டமோ கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கருப்பம்மாவின் மகன் ரமேசுக்கும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விதுஷாவுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிசம். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வீட்டிலும் வாங்கிய சம்மதம். டவுனுக்கு வந்ததுதான் வந்தோம் என்று ரமேஸ் பரிசப் பந்திக்கு இருபது கிலோ வெலிமடை உருளைக்கிழங்கை மூட்டையாக வாங்கித் தோளில் சுமந்துகொண்டே யாத்திரை போனான். புண்ணியத்துக்குப் புண்ணியம், கறிக்குக் கறி.

மத்தியானம் ஒரு மரத்தடியில் தோஷத் தராசு வெளிப்பட்டது. பலகைத் தராசுதான். பலகையைச் சுற்றித் தரைவரை மஞ்சள் துணி தொங்கவிட்டு, முள்வட்டத்துக்குச் சந்தனம் பூசியிருந்தது. ஆள் ஏறி நிற்பார். குபேரநாதன் தடியை ஊன்றிப் பக்கத்தில் நின்று எடையைச் சொல்வார். தட்டில் காணிக்கை விழும், விபூதி பறக்கும், முள் சரசரவென்று இறங்கும். இறங்கியதெல்லாம் தோஷமாம்!

கூட்டத்தோடு வந்திருந்த விதுஷாவும் ஏறினாள். விபூதி போட்டார். முள் அசையவில்லை. மறுபடி போட்டார். ம்ஹூம்.

“பொல்லாத ராஜதோஷம்! இந்தப் பொண்ணு கால் வைக்கிற வீடு விளங்காது. தங்கம் வச்சாத்தான் எறங்கும்.” சொல்லும்போதே மகானின் கண் அவள் காதுத் தோட்டில் இருந்தது.

கருப்பம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “தோட்டக் கழட்டிக் குடு புள்ள. இல்லாட்டி ஞாயித்துக்கெழம ஒண்ணும் நடக்காது. எனக்கு இருக்கிறது ஒரே மகன்.”

விதுஷாவுக்கு அழுகை முட்டியது. ரமேசைப் பார்த்தாள். “நீ என்ன சொல்ற?”

“அம்மா சொல்றாங்க...”

“மூட்டையக் கீழ வை!”

அவன் வைத்தான். அவளுக்கு அழுகை போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. தோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, தோட்டத் தர்றேன். அதுக்கு முன்னாடி இந்த மூட்டையயும் பாத்துருங்க. பரிசப் பந்திக்கு வாங்கின இருபது கிலோ. தோஷக் கெழங்கத் தின்னு யாருக்கும் வயித்தால போயிடக் கூடாது.”

தங்கத்தைக் கண்டவருக்குக் கிழங்கு ஒரு பொருட்டா? மூட்டை ஏறியது. தடியை ஊன்றினார். முள் இருபத்தெட்டில் நின்றது.

“எட்டுக் கிலோ தோஷம்! கெழங்குத் தோட்டத்துல செத்த ஒரு தளபதியோட ஆவி!”

கூட்டம் கிழங்கைக் கும்பிட்டது. சத்தியமாகக் கும்பிட்டது!

அப்போது விதுஷா அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்: “தராச விட்டுக் கைய எடு!”

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அந்தியில் கேட்கிற சத்தம் அது. பறித்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை நிறுக்கும்போது யார் கையாவது, காலாவது தராசில் பட்டால் பெண்கள் போடுகிற கூச்சல். அது காதில் விழுந்தால் தோட்டத்துப் பெண்கள் யோசிக்க மாட்டார்கள். சட்டென்று குனிந்து தராசின் அடியைப் பார்ப்பார்கள். பழக்கம்! எல்லோரும் குனிந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் குனிந்து துணியை உருவியவர் கருப்பம்மாதான்.

பூண் போட்ட தடியின் நுனி பலகையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

கருப்பம்மா தடியைப் பிடுங்கினார். முள் இருபதுக்கு இறங்கியது. தானே ஊன்றினார். ஏறியது. எடுத்தார். இறங்கியது.

“அட நாசமாப் போறவனே! தளபதி உன் தடியிலயா இருக்கான்?”

“அம்மா, ராஜா கோவிச்சுக்குவாரு...” என்று பின்வாங்கிய குபேரநாதனைப் பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். காணிக்கைத் தட்டு அங்கேயே காலியானது. மீதி இரண்டு நாள் யாத்திரையை அவர் ஒற்றை ஆளாகப் போலீஸ் நிலையத்தில் தொடங்கினார்.

கருப்பம்மா விதுஷாவின் கையிலிருந்த தோட்டை வாங்கித் தானே அவள் காதில் மாட்டிவிட்டார். “கோவமா புள்ள? ஞாயித்துக்கெழம பரிசம் நடக்கும். நான் நடத்துறேன்.”

“கோவந்தான் அத்தை. அரைக் கிலோ கொழுந்துக்குக் கணக்கப்பிள்ளையோட அந்தச் சண்டை போடுறீங்க. என் வாழ்க்கைய ஒருத்தன் தராசுல வச்சு நிறுக்கிறப்போ ஏன் குனிஞ்சு பாக்கல?”

அத்தையை விடுங்கள். இதற்கு நம்மிடம் மட்டும் பதில் இருக்கிறதாக்கும்! மகான்களைக் கண்டால் நாமும் கும்பிடக் குனிகிறவர்கள்தானே? குனிகிறதுதான் குனிகிறோம், அப்படியே தராசுக்கு அடியிலும் ஒரு தடவை பார்த்துத் தொலைத்தால் என்ன?