கிருஷ்ணன்குட்டிக்கு ஒன்றும் தோன்றவில்லை

“ஒண்ணும் தோணுந்நில்ல, டீச்சரே” என்றார் கான்ஸ்டபிள் கிருஷ்ணன்குட்டி.

‘சந்தை’ என்று தலைப்பு எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார். கோட்டைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லாததைப் பார்த்து ரத்னபாய் டீச்சர் தாளைப் புரட்டிப் பின்பக்கத்திலும் தேடினார்.

தமிழர் பகுதியை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்டு எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். தமிழ்க் கூட்டங்களில் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சை எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வேண்டும். கல் வந்தால் முதலில் விழுகிற இடம் அது. அந்த வேலைக்காகக் கோட்டயத்துக்காரரான கிருஷ்ணன்குட்டிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க, மாதச் சம்பளத்துக்கு டீச்சரை வைத்திருந்தார்கள். கட்டுரைப் பரீட்சையில் அவர் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இன்னொரு முறை தோற்றால் இன்ஸ்பெக்டர் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று டீச்சர் நடுங்கினார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எழுதுவதற்கு முன்னால் நாலு விஷயம் சேர்க்க வேண்டும், சந்தைக்குப் போய் ஆட்களிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். கிருஷ்ணன்குட்டி யூனிபாரத்தோடு போய், பெயர் என்ன, எந்த ஊர், மூட்டையில் என்ன என்று விசாரித்தார். மரச்சீனிக் கிழங்கு விற்க வந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அடுத்த சந்தைக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகச் சொன்னார் டீச்சர். சி.ஐ.டி. வந்திருக்கிறான் என்று பேச்சு பரவி, பொழியூர் மீன்காரிகள் அவரை வளைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவர் மேலிருந்து மீன்தண்ணீர் சொட்டியது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

“இனி சந்தைக்குப் போவண்டாம் சாரே. ஒரு ஆளை மட்டும் இங்க கூட்டிட்டு வாங்க. நான் கேக்கேன், நீங்க எழுதுங்க.”

அவர் சாயாக்கடை சிவதாணுவை இடுப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

டீச்சர் அழுதேவிட்டார். கிருஷ்ணன்குட்டியைத் தண்ணீர் கொண்டுவர விரட்டிவிட்டு, தானே முடிச்சை அவிழ்த்தபடி சிவதாணுவிடம் மன்னிப்புக் கேட்டார். தமிழே ஏறாத மனிதரிடம் மாட்டிக்கொண்டு தன் பிழைப்பே போகப்போகிறது என்று புலம்பினார்.

சிவதாணு வாசலை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“கயிறு எனக்கதாக்கும், நானே எடுத்துக் குடுத்தது, டீச்சர். எனக்க கடையில தமிழ்ப் பத்திரிகையை எல்லாருக்கும் உரக்க வாசிக்கதே அவருதான். பாஸானா கல்லு விழுந்து அவருக்க மண்டையும் போவும், உங்களுக்க வேலையும் போவும், பின்ன அவரு எதுக்கு எழுதணும்?”