மரீனாவின் தகப்பன்

பக்கத்து வீட்டுப் பொன்னையா றேடியோ வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று அம்பலவாணருக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

பதுளையில் அரசாங்கக் கந்தோரொன்றின் தலைமைக் கிளாக்கர் அவர். வட்டுக்கோட்டையில் பெயர் சொல்லக்கூடிய குடும்பம். இங்கே கோயில் சபையில் முதல் நாற்காலி. மனைவி காலமானபின், ஒரே மகள் சத்தியபாமாவைக் கொழும்பில் மைத்துனர் ஜெயரட்ணம் வீட்டில் விட்டிருந்தார். தட்டெழுத்து வேலைக்குப் போன பிள்ளை, பின்னேரங்களில் பறங்கியரின் வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஜாஸ் பாடினாள். ஒருநாள் வானொலியில் அவள் பெயரும் வந்துவிட்டது, தகப்பன் பெயரோடு.

அம்பலவாணர் அடுத்த ரயிலிலேயே கொழும்பில் போய் இறங்கினார்.

"உன்ரை தொண்டை, உன்ரை விருப்பம். என்ரை பெயர் அந்தப் பெட்டிக்குள்ளாலை வரப்படாது" என்றார். பாட்டுக் கதையை இனித் தம்மிடம் எவரும் எடுக்கக் கூடாதென்று மைத்துனருக்கும் கட்டளையிட்டுவிட்டுத் திரும்பினார்.

சொல் வீண்போகவில்லை. அடுத்த மாதச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் சத்தியபாமா இல்லை. மரீனா என்றொரு புதுப் பாடகி வந்தாள். கடைத்தெருவில் றேடியோ பாடும் தாஸிமின் கடை வாசலில், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அம்பலவாணர் கேட்டார். இரண்டாம் அடியிலேயே சத்தியபாமாவின் தாயின் குரல் அதில் இழைவதைக் கண்டுபிடித்தார். பெயரை மாற்றிக்கொண்டாள், கெட்டிக்காரி. குடும்ப மானம் தப்பியது.

இப்போது பொன்னையா வீட்டிலும் றேடியோ; குரலை அவர்கள் அடையாளம் கண்டுவிட்டால்? பொன்னையா மகளைப் பற்றி விசாரித்தபோது, வீணை படிக்க மதராசுக்குப் போயிருக்கிறாள் என்று அம்பலவாணர் சொல்லிவைத்தார். பொன்னையாவின் மனைவி குணமணி உடனே நவராத்திரிக்கு வீணைக் கச்சேரி ஏற்பாடு செய்தாள். பிள்ளைக்கு விரலில் நோவு என்றார் அம்பலவாணர். மறுநாளே, மதராசுக்கு அனுப்பிவைக்கும்படி குணமணியிடமிருந்து இரண்டு போத்தல் நோவெண்ணெய் வந்து சேர்ந்தது.

கடைசியில், பொன்னையாவினுடையதைவிடப் பெரிய றேடியோவாகத் தாமே ஒன்று வாங்கினார். மரீனா பாடும் நேரத்தில் இந்தியாவிலிருந்து தேவாரம் வரும். சனிக்கிழமைதோறும் கேட்க வரும்படி பொன்னையா தம்பதியை அழைத்தார். இரண்டு வாரம் தேவாரம் நடந்தது. மூன்றாம் வாரம் அவர் கை தானாகவே குமிழைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. கை தவறிவிட்டது என்றார். ஆனால் பாட்டு முடியும்வரை திருப்பி வைக்கவில்லை.

கிளாக்கர் ஐயாவுக்கு இந்த வயதில் வெள்ளைக்காரிப் பாட்டுப் பைத்தியம் என்று ஊர் பேசியது. கோயில் நாற்காலி வேறொருவருக்குப் போனது. தோட்டத் துரைமாரின் கிளப்பிலிருந்து நடனப் போட்டிக்கு நடுவராக வரச்சொல்லி ஆள் வந்தான்.

மரீனாவோ வளர்ந்துகொண்டே போனாள். முதலில் ஒரு பாட்டு, பிறகு அரை மணி நேரம், பிறகு குழுவுக்கே அவள் பெயர். ஆறு வருடமாக மகள் வீட்டுப்பக்கம் வரவில்லை. ஓய்வில்லாத பாடகி எப்படி வருவாள் என்று அவரே அவளுக்காக நியாயம் சொல்லிக்கொண்டார். நீ வா என்று ஒரு வரி எழுத மட்டும் மானம் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெயரட்ணம் வேலை விஷயமாகப் பதுளைக்கு வந்திருந்தார். பொன்னையா தம்பதியும் இருந்தார்கள். மரீனா மெதுவாக, நெஞ்சைப் பிசைவதுபோல ஒரு பாட்டு எடுத்தாள். அம்பலவாணர் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

குணமணி உதட்டைப் பிதுக்கினாள். "இப்பிடிப் பாடித் திரியிறவளுக்குத் தாய் தேப்பன் எண்டு ஆரும் இருக்குதுகளோ?"

அம்பலவாணர் எழுந்து நின்றார். முதுகு வளையவில்லை.

"இருக்கு, பிள்ளை. நான்தான். அவள் என்ரை சத்தியபாமா."

ஆறு வருடம் கட்டிக்காத்ததை ஒரே மூச்சில் உடைத்த அம்பலவாணருக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. "நீர் சொல்லும், தம்பி" என்று மைத்துனரைப் பார்த்தார்.

ஜெயரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத்தான், உது ஆரோ பறங்கிப் பிள்ளை. எங்கடை பாமா நீங்கள் வந்துபோன அண்டைக்கே பாட்டை விட்டிட்டாள்."