கழிவுப் பெட்டிக்குப் போன அரவு

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று இருபத்து மூன்று வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். எங்கள் ஊரான மாம்புரியில் நடந்த ஒரு திறப்பு விழாவோடு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அப்போது நான் புத்தளம் நகரில் நண்பன் பாஹிமின் அன்பளிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். கடையின் பின்னறையில் ஒரு லேசர் வெட்டும் மெஷின் இருந்தது. கணினியில் வரைந்ததை அப்படியே பலகையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் வெட்டித் தரும். இரண்டு வாரமாக நான் செய்தது அதன் மூடியைத் துடைத்தது மட்டும்தான். (வீட்டில் சொன்னது வேறு: "மெஷின் முழுக்க என்ட பொறுப்புலதான்.")

என் மூத்த சகோதரி நஸ்ரியா ராத்தா அதை நம்பிவிட்டார். கணவரான எங்கள் மச்சான் மவுத்தாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு, தன் சொந்தக் காலில் நிற்பதென்று முடிவெடுத்து, வீதியோரக் காணியில் நிழல்வலை கட்டி, மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுப் போட்டிருந்தார். பெயரும் அவரே யோசித்தது: பசுஞ்சோலை நாற்று நிலையம். இதை எதிர்த்தவர் ஒரே ஆள், வாப்பாவின் தங்கையான எங்கள் மாமி. "ரோட்டோரமா பொம்புள கடை போட்டா ஊர் என்ன கதைக்கும்?" என்பது அவருடைய கேள்வி. மாமியைச் சமாதானப்படுத்த, பெயர்ப்பலகையை அவர் கையாலேயே திறக்கவைப்பது என்று ராத்தா தீர்மானித்தார்.

"பெயின்டருக்குச் சொல்லவா, தம்பி?"

"எதுக்கு ராத்தா? நான் வெட்டித் தாறன். எழுத்தெல்லாம் எழும்பி நிக்கும்."

"அப்ப முடிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்பு, பாப்பம்."

"ஏலாது. முன்னுக்கே பாத்தா சந்தோஷம் கொறஞ்சிரும்."

என் வாழ்க்கையில் நான் பேசிய வசனங்களில் ஒன்றைத் திரும்ப வாங்கலாம் என்றால், அந்தக் கடைசி வசனத்தைத்தான் வாங்குவேன்.

வெட்டும் நாளில் பாஹிம் ஒரு எச்சரிக்கை தந்தான். "மச்சான், தமிழ் எழுத்துல குத்து எல்லாம் தனியாக் கழண்டு விழும். பாத்துக்கோ."

நான் குத்தை மட்டுமே பார்த்தேன். சிவப்புப் புள்ளியாக வெளிச்சம் ஓடி, பச்சைத் தகடு கருகும் மணம் வந்து, முதல் எழுத்தான 'ப' கையில் கழன்று வந்ததும் அதை ஏழு தடவை போட்டோ எடுத்தேன். பெயரில் ஞ், ற், ம் என்று மூன்று குத்து. மூன்றையும் பொறுக்கி, சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் பூட்டினேன். 'சோ'வுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அரவு (ா) மட்டும் ஒரு ஓரம் சரியாக வெட்டுப்படாமல் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத் தகடுதானே என்று அதைக் கழிவுப் பெட்டிக்குள் எறிந்தேன்.

எழுத்துகளைப் பலகையில் அடுக்கியபோது நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. நேர்த்தியான வேலைக்காரன் அல்லவா, நெருக்கி ஒட்டினேன். பத்துத் தடவை வாசித்தேன். பத்துத் தடவையும் சரியாகவே இருந்தது.

விழாவுக்கு ஒரு முப்பது பேர் வந்து கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமி பிஸ்மி சொல்லிப் பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து உரக்க வாசித்தார்.

"பசுஞ்... சேலை."

மாமி ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"அட, சேலக் கடையா! அதத்தானே புள்ள நானும் சொன்ன. பொம்புளக்கி ஏத்த யாவாரம்!"

சிரிப்பு வெடித்தது. நுரைச்சோலையிலிருந்து மிளகாய் நாற்று வாங்க வந்த ஒரு விவசாயி, "தங்கச்சி, மொளகாக் கண்டுக்குச் சட்டத் துணியும் கெடைக்குமா?" என்று கேட்டார். நான் பலகையைப் பார்த்தேன். 'சோலை' என்றுதான் இருந்தது. மறுபடி பார்த்தேன், அப்போதும் 'சோலை'தான். மூன்றாவது தடவைதான் என் கண் உண்மையைச் சொன்னது.

திரும்பினால் ராத்தாவைக் காணவில்லை. நிழல்வலைக்குள் போய்த் தேடினேன். காலையில் நனைத்த நாற்றுகளுக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். தட்டுகள் நிரம்பி வழிந்து செருப்பெல்லாம் சேறு.

"ராத்தா, வாங்க. எல்லாரும் தேடுறாங்க."

"நீ போ தம்பி. நான் பொறகு வாறன்."

வரவில்லை. விருந்தினர் வட்டிலப்பம் சாப்பிட்டு, அவரவர் வழியில் போகும் வரைக்கும் வரவேயில்லை. அவருடைய கடை, அவருடைய நாள். நான் மோட்டார் சைக்கிளில் புத்தளத்துக்குப் பறந்து, கழிவுப் பெட்டியைக் கவிழ்த்து, அரவைத் தேடி எடுத்து வந்தேன். ஒட்ட இடமில்லை. நெருக்கிய நேர்த்தி அப்படி. இன்றைக்கும் அது 'லை'யின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

கடை நன்றாக ஓடுகிறது. ஆனால் யாரும் அதைப் பசுஞ்சோலை என்று சொல்வதில்லை. நாற்று இருக்கிறதா என்று தொலைபேசியில் விசாரிப்பவர்களும், "சேலக் கடையா? தக்காளிக் கண்டு ஈக்கா?" என்று கேட்பார்கள். "ஓம், ஈக்கி" என்பார் ராத்தா, சலிப்பே இல்லாமல்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்பவரும் அவர்தான். மாமி கண்ணாடியைச் சரிசெய்வதை அப்படியே நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரித்து முடிந்ததும் யாராவது ஒருவர், "ஒனக்குத் தம்பியில கோவம் வரல்லயா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

"சீ, என்ன கோவம்? மொதல்ல சிரிச்சதே நான்தான்" என்பார் ராத்தா. சொல்லும்போது என் பக்கம் பார்க்க மாட்டார்.

நானும், ஓம், ராத்தாதான் முதலில் சிரித்தார் என்று தலையாட்டுவேன்.