ஞாயிறுதோறும் தராசேறும் கிண்ணம்

இத்தாலியின் பலேர்மோவில் மரத்துக்கு நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் மெழுகர்தான். பகலில் தோட்டவேலை, மிச்ச நேரமெல்லாம் பல்கனியில் மரம் கடைவார். கீழ்வீட்டுக்காரர்கள் கோப்பிக்குள் தூள் விழுகிறதென்று கத்துவார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எரிந்த மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்குவார். பங்குச் சாமியார் அவரைப் பெரிய பக்திமான் என்று நம்பியிருந்தார். உண்மையில் அது மரத்துக்கு. பச்சை மரத்தின் வெட்டுமுகத்தில் மெழுகை உருக்கிப் பூசாவிட்டால் ஈரம் அவசரமாக ஓடி, மரம் வெடித்துவிடும். அதனால்தான் அவருக்கு மெழுகர் என்று பெயர்.

நான் நகரின் ஒரேத்தோப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்தேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய செத்துப்போன கணவர் நட்ட எலுமிச்சை மரம் மதிலைத் தள்ளுகிறதென்று தறித்தார்கள். சிஞ்ஞோரா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மெழுகரைக் கூட்டிவந்தேன்.

"அழாதேங்கோ சிஞ்ஞோரா, இதிலை ஒரு கிண்ணம் கடைஞ்சு தாறன்," என்று தன் அரைகுறை இத்தாலியனில் வாக்குக் கொடுத்தார்.

வெடிப்புத் தொடங்கும் மரத்தின் நடு நெஞ்சை நீக்கிப் பிளந்த கட்டையை ஈரத் துவாயில் சுற்றி, மார்போடு அணைத்தபடி பஸ் ஏறினார். ஒரு கிழவி எழுந்து இடம் கொடுத்து, "ஆணோ பெண்ணோ?" என்று கேட்டாள்.

"எலுமிச்சை," என்றார் மெழுகர், துவாயை விலக்கிக் காட்டி.

முதலில் தடிப்பாகக் கடைந்து, சீவலோடு கடதாசிப் பையில் மூடி வைத்தார். ஞாயிறுதோறும் மீன்கடைத் தராசில் நிறுவை. நிறை குறைவது நின்றால்தான் காய்ந்ததென்று அர்த்தம். பிறகுதான் மெல்லிசாகக் கடைவார்.

அதற்குள் சிஞ்ஞோராவைத் தன்னோடு கடல் தாண்டி வடக்கே தொரினோவுக்குக் கூட்டிப்போக மகள் வந்துவிட்டாள்.

"அண்ணை, மனிசி நாளைக்குப் போறா. இப்பவே கடைஞ்சு குடுங்கோவன்!"

"பச்சையிலை மெல்லிசாக் கடைஞ்சா வெடிக்கும் பிள்ளை. அதைப் பாத்து மனிசி திரும்ப அழுறதோ?"

மறுநாள் துறைமுகத்துக்கே போய், தொரினோ வழியிலுள்ள ஜெனோவாவுக்குக் கப்பல் ஏறும் நேரம் கிண்ணப் பையை சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தார். "ஞாயிறு ஞாயிறா நிறுத்துப் பாத்து எனக்குப் போன் எடுங்கோ. காஞ்சதும் அனுப்புங்கோ, முடிச்சுத் தாறன்."

சிஞ்ஞோராவும் கிழமை தவறாமல் எடுத்தார். ஒருமுறை நிறை கூடிவிட்டதென்று மெழுகர் தலையில் கைவைத்தார். விசாரித்தால், சிஞ்ஞோரா கிண்ணத்துக்குள் பிஸ்கற் போட்டுவைத்திருக்கிறார்!

போன ஞாயிறு நானும் பக்கத்தில் இருந்தேன். கிண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லையென்றார் சிஞ்ஞோரா. மூன்று மாதமாக அதே நிறை. மெழுகரோ, "இன்னும் கொஞ்சம் ஈரம் கிடக்கு சிஞ்ஞோரா, வாற கிழமையும் பாப்பம்," என்று சொல்லி, அரைமணி நேரம் கதைத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

"அண்ணை, அது எப்பவோ காஞ்சிட்டுதெல்லோ?"

"ஓம். அதைச் சொன்னா, வாற ஞாயிறு எனக்கு ஆர் போன் எடுக்கிறது?"

நான் தேத்தண்ணி வைக்கப் போனேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வேறெங்கும் போவதில்லை.