பதினேழாம் கட்டத்தில் நீ எழுதியது

அன்புள்ள தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்பதை வழக்கம் கருதி எழுதியிருக்கிறேன். அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறரை மாட்டிவிட்டவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குடிநீர் வாரியத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு, இந்த மருத்துவமனையில் குழாய்கள் ஒழுகுகின்றன என்று கேள்விப்பட்டு, ஓராண்டு ஊதியமில்லாமல் உழைக்கக் கடல் கடந்து வந்தவன் நான். பெட்டியில் சட்டை மூன்று, அழுத்தமானி இரண்டு. அன்றைக்கு என் கண்ணாடி உடைந்திருந்த ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பை உன்னிடம் விட்டேன். முதல் பதினாறு கட்டங்களில் உன்மீது குறையில்லை. பதினேழாம் கட்டத்தில், ‘கூடுதல் திறமைகள், பொழுதுபோக்குகள்’ என்ற இடத்தில், ‘இல்லை’ என்று எழுதச் சொன்னேன். நீ எழுதியதை நான் வந்திறங்கிய அன்று தலைமைச் செவிலியர் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டினார்: “பழைய காலுறையில் பொம்மை செய்வார். கழுதைக் குரலில் பேசுவார். நாற்பது நாள் விடாமல் கதை சொல்வார்.”

ஏழு வயதில் நீ காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தபோது, உன் அழுகையை நிறுத்த நான் செய்த காரியம் அது. எனக்கு அப்போது பதினொரு வயது. பதினொரு வயதில் செய்ததற்கு ஐம்பத்து நான்கு வயதில் பொறுப்பேற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

“குழாய் வேலைக்கு ஆள் வந்தாச்சு சார். கை வார்டுக்குத்தான் ஆள் கிடைக்காம திண்டாடிட்டு இருந்தோம்,” என்றார் தலைமைச் செவிலியர். விபத்தில் கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்காதவர்கள் இருக்கும் இடம் கை வார்டு. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் இரண்டே நாளில் சலித்துவிடுகிறார்களாம். பொம்மைக்குள் கையை விட்டால் தம்மை அறியாமல் விரலை ஆட்டுவார்களாம். சரி, குழாய் வேலைக்கு வந்த நிபுணர் யார்? ஓவியம் படித்த ஒரு பெண். பொழுதுபோக்கு ‘அருவிகளை வரைதல்’ என்று எழுதியிருக்கிறாள். தண்ணீரில் ஈடுபாடு உள்ளவள் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். தினமும் வந்து நிற்கிறாள். “அங்கிள், வால்வை எந்தப் பக்கம் திருப்பினா மூடும்?” கையில் காலுறைக் கழுதையை மாட்டிக்கொண்டு நான் பதில் சொல்கிறேன். வார்டு மூலையில் ஒரு குழாய் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு ஒழுகுகிறது. அதற்கு ஒரு வாஷர் மாற்ற எனக்கு அனுமதி கிடையாது. “அது அவங்க பிரிவு சார், நாம தலையிடக் கூடாது,” என்கிறார் தலைமைச் செவிலியர். அந்தப் பெண் அந்தக் குழாயை மிக நன்றாக வரைந்திருக்கிறாள், சொட்டு உட்பட.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதவர் நான்காம் கட்டிலில் இருக்கும் லாரி ஓட்டுநர். அவருடைய வலது கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடாது; தொட்டால்தான் மறுபடி வண்டி கையில் கிடைக்கும். ஆனால் எந்தப் பயிற்சியும் செய்யாமல், படுத்தபடி என்னை விமர்சிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தார். முதல் நாள்: “சார், அது கழுதையா நாயா? மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க.” இரண்டாம் நாள்: “கழுதை ஏன் சார் ஆபீஸ்ல மீட்டிங் போட்ட மாதிரி பேசுது?” மூன்றாம் நாள், அன்று உனக்குச் சொன்ன அதே கதையில், கழுதை ஆற்றங்கரையில் நின்று நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மிக முக்கியமான இடத்தில், சத்தமாகக் கொட்டாவி விட்டார். “அது கழுதை சார். மொதல்ல எறங்கும், அப்புறம்தான் யோசிக்கும்.” இருபத்தெட்டு ஆண்டுகளில் என் அறிக்கைகளை மேலதிகாரிகள்கூட இப்படித் திருத்தியதில்லை. “அப்படியானால் நீங்களே செய்யுங்கள்,” என்று பொம்மையைக் கழற்றி அவர் கட்டிலில் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இருந்ததாக நீ கற்பனை செய்துகொள்ளாதே.

இடது கையை நீட்டினார். பொம்மையின் கண் இரண்டும் வலது கைக்கு ஏற்பத் தைக்கப்பட்டவை என்று மறுத்துவிட்டேன். வலது கையை நுழைத்தார். கழுதையின் வாய் திறந்தது, மூடவில்லை. வார்டே சிரித்தது. “என்ன அண்ணே, வண்டிக்கு பிரேக் இல்லையா?” என்றார் ஐந்தாம் கட்டில்காரர். ஓட்டுநருக்கு வந்த கோபம் என்னுடையதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அன்றிலிருந்து விடிந்ததும் கழுதையை எடுத்துக்கொள்கிறார்; சாப்பாட்டு நேரத்தில்கூடத் திருப்பித் தருவதில்லை. எனக்கு மிஞ்சியது கதை மட்டும். அதிலும் குறுக்கே பேசுகிறார். மூன்று வாரம் இப்படி. நேற்று கழுதையின் வாய் முழுதாக மூடியது. மூடி, திறந்து, என் முகத்துக்கு நேரே வந்து, “இப்ப சொல்லுங்க சார், யாருக்குக் கதை சொல்லத் தெரியல?” என்று கேட்டது.

ஒரு மனிதன் தாங்கக்கூடிய அவமானத்துக்கும் எல்லை உண்டு. ஆகவே இத்துடன் மாற்றல் படிவத்தை இணைத்துள்ளேன். பதினேழாம் கட்டத்தில் எழுதியது தவறு என்று, அதை நிரப்பியவர் கையெழுத்திட வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் அது இங்கே வந்துசேர்ந்தால் நான் குழாய்ப் பிரிவுக்குப் போகலாம். தவறினால் ஆண்டு முழுவதும் கை வார்டு. இதைக் கோரிக்கை என்று நினைக்காதே. மன்னிப்பைத் தனித்தாளில் எழுதவும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு என் ஆசிகள். அவ்வளவு ஒழுங்காக ஒட்டிக்கொண்ட உன் காலுக்கும் என் ஆசிகள். அதற்காகத்தான் நான் இன்று அனுபவிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(நீர் விநியோகப் பொறியாளர்: ஓய்வு; கழுதை: பணியில்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். மாற்றல் படிவத்தை உள்ளே தேடாதே. கழுதைக்கு இடது காது தொங்கிவிட்டது என்று ஓட்டுநர், மேசைமேல் கிடந்த கெட்டித் தாளை எடுத்துக் கத்தரித்துவிட்டார். வலது கையால் கத்தரித்தார். வெட்டு நேராக இருந்தது, அளந்து பார்த்தேன். அலுவலகத்தில் கேட்டால் வேறு படிவம் தருவார்கள். நான் கேட்கவில்லை. நீ உடனே எழுத வேண்டியது ஒன்றுதான்: கழுதை கடைசியில் ஆற்றைக் கடந்ததா? நாற்பதாம் நாள் கட்டுப் பிரித்ததும் பாதிக் கதையில் நீ எழுந்து ஓடியதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார் ஓட்டுநர். கட்டிலுக்கு வேறு ஆள் காத்திருக்கிறார். பழைய காலுறைகள் பத்துப் பன்னிரண்டு அனுப்பு. ஜோடியாக இருக்க வேண்டியதில்லை.