அரை வயிற்றுக்குப் பழகிய சிப்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பழைய லேப்டாப்பின் சிப் பத்திரமாகத்தான் இருக்கிறது. லேப்டாப்புக்குள் இல்லை, அவ்வளவுதான்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். என் மேசைக் கணினி மட்டும் போய்ச் சேர்ந்தது, சிப் எரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என் ஆய்வேட்டுத் தேர்வு. அதற்குள், மேகம் எப்படித் திரண்டு எழுகிறது என்று கணினியில் போட்ட கணக்கு ஓடி முடியாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. பழுது பார்ப்பவர்தான் வழி சொன்னார். பழைய லேப்டாப்பின் சிப் என் கணினியிலும் உட்காருமாம். "லேப்டாப் சிப்பு அரை வயித்துக்கே பழகினதும்மா. கரண்டைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்து வேகத்தை ஏத்துங்க, பறக்கும்." வீடு மாறும்போது நீ விட்டுப்போனதை அப்பா அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்.

நகத்தளவு. மேல்மூடிகூட இல்லை. குனிந்தால் அதில் என் கண் தெரிந்தது.

பூட்டினேன், ஸ்விட்சைப் போட்டேன், அணைந்தது, மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது, "என்னடி கருகுது?" என்று அம்மா ஓடிவந்தாள், அப்புறம்தான் புரிந்தது, மூடியில்லாத சிப் குள்ளம், அதன் சூட்டை வாங்கவேண்டிய உலோகக் கட்டி அதைத் தொடாமல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. அப்பா வாசலுக்குப் போய், தன் பெயர் பொறித்த செம்புத் தகட்டைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினார்.

"ரிட்டயர் ஆனவனுக்கு வாசல்ல பேரு எதுக்கு?"

"தபால்காரன் யாரைக் கேப்பான்?" என்றாள் அம்மா.

ஓடியது. வேகத்தை ஒரு படி ஏற்றினேன். ஓடியது. இன்னொரு படி, உறைந்தது. கொஞ்சம் இறக்கினேன். பழைய சிப்பைப் போல் இரண்டு மடங்கு வேகம், அக்கா. இதுவரை வெறும் எண்களாகவே இருந்த என் மேகம் திரையில் கீழிருந்து பொங்கி எழுந்தது. மூவரும் நின்றபடியே பார்த்தோம்.

"மாடியில துணி காயுதே" என்றாள் அம்மா, மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை.

உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். பார்த்திருந்தால் நீயே மன்னித்திருப்பாய். அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
தங்கை

பி.கு.: உன் லேப்டாப் அலமாரியின் மேல்தட்டில் முழுசாக இருந்தது. நான் பிரித்தது அத்தானுடையது. போன தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போனாராம். ஆபீஸ் வேலை எல்லாம் அதில்தானாம். நாளைக்கு எடுத்துப்போக வருகிறாராம். அப்பாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. மேகம் பாதி எழுந்திருக்கிறது, நிறுத்த மனசு வரவில்லை. உன்னுடையதையும் திறந்து, சிப்பைக் கழற்றி, அத்தானுடையதில் போட்டுவிட்டேன்.