வேர்க்காத கம்பளியார்

கம்பளியாரைப் போல வெயிலை அவமானப்படுத்திய மனிதர் பாலக்காட்டுச் சீமையிலேயே வேறு கிடையாது. எலப்புள்ளியில் நாங்கள் குமாஸ்தா வேலை பார்த்த சர்க்கார் ஆபீஸில், சித்திரை மத்தியானத்தில் காகங்கூட வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கும். மனிதர் மட்டும் கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ஜன்னலைச் சாத்துடா, குளிர்றது" என்பார். பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை.

கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்களுக்கு மின்விசிறி என்பது வருஷாவருஷம் மேலிடத்துக்கு எழுதும் விண்ணப்பம் மட்டுமே. ஆகவே கம்பளியாரின் கைதான் விசிறி. எந்நேரமும் கிணற்றுப் படிக்கல் மாதிரி சில்லென்றிருக்கும். என் நாற்காலிக்கு இடப்பக்கம் அவர். ஃபைலில் சந்தேகம் கேட்கும் சாக்கில் அவர் உள்ளங்கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வேன். அவ்வளவு சந்தேகங்கள் எனக்கு அதற்கப்புறம் வந்ததே இல்லை.

தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும். அவர் எழுந்து போன நாற்காலியில் மாவு சலித்த மாதிரி இருக்கும். யாரும் கவலைப்படவில்லை. தை மாதத்தில் வாளையாற்றுக் கணவாய் வழியாக வரும் காற்று ஊரில் எல்லோருடைய உதட்டையும் குதிகாலையும்தானே பிளந்தது? "காத்துடா, காத்து" என்று அவரும் நல்லெண்ணெயில் ஊறினார். அவர் தொட்ட ஃபைலைத் திரித்து விளக்கேற்றலாம்.

காற்று மாசியோடு நின்றது. எங்கள் தோல் சரியாயிற்று. அவருடையது தடித்தது. முகம் ஊதியது. புருவத்தின் வால் உதிர்ந்தது. குஷ்டம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீக்கடைச் சாமியப்பன்தான் முதலில் தனி கிளாஸ் வைத்தார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பெரிய வியாதிங்கறாங்க. நாலு பேரு குடிக்கற எடமுங்க."

அதிகாரி இன்னும் மரியாதையாகச் சொன்னார்: ஒரு வாரத்தில் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது.

நான்? நாலு புத்தகம் படித்தவன், விஞ்ஞான நோக்கு உள்ளவன். என் நாற்காலியை வலப்பக்கமாக இரண்டு முழம் நகர்த்திப் போட்டேன். வெளிச்சத்துக்காக என்றேன். கம்பளியார் ஜன்னலைப் பார்த்தார். அது இடப்பக்கம் இருந்தது.

"ஆமாண்டா, வெளிச்சம் வேணுமோல்லியோ" என்றார்.

அந்த வெட்கத்தில்தான் டாக்டரிடம் துணைக்குப் போனேன். பாலக்காட்டு டவுனில் வயதான டாக்டர். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டார். பெரிய வியாதியென்றால் தொட்டது தெரியாதாம். கம்பளியாரோ ஒவ்வொரு தொடலுக்கும் "இங்கே, இங்கே" என்று ஆஜர் கொடுத்தார். அடுத்து குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் கொஞ்சம் யோசித்துவிட்டு அசைந்தது.

"சர்க்கார் காலாக்கும். மேலேர்ந்து உத்தரவு வரணுமோல்லியோ."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஓய், இது ஒட்டுவாரொட்டி இல்லை. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. அது தூங்கிப்போச்சு. அதான் தோல் வறண்டு தடிக்கறது, வேர்க்கறதில்லை, குளிர்றது. எண்ணெய் தேச்சா அது முழிச்சுக்காது. மாத்திரை இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஆட்டோட சுரப்பியைக் காயவெச்சுப் பண்ணினது."

பக்கத்து ஸீட்டில் முட்டைக்கூடை ஏறியதற்காக பஸ்ஸை விட்டிறங்கிக் கஞ்சிக்கோட்டிலிருந்து நடந்தே வந்தவர் அவர்.

"ஆடு என்ன திங்கும்?"

"இலை, தழை."

"அப்பொ என்னைக் காட்டிலும் சுத்த சைவம். குடுங்கோ."

சர்ட்டிபிகேட் வேலையைக் காப்பாற்றியது. மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், "டேய்!" என்று அலறினார். நெற்றியில் ஒரே ஒரு துளி வேர்வை. துடைக்காமல் அதிகாரி அறை முதல் டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டினார். சாமியப்பன் அந்தத் தனி கிளாஸை ரோட்டில் போட்டு உடைத்தார்.

கம்பளி கழன்றது. மனிதருக்கு வேர்க்கிறது என்று தெரிந்ததும் மேலிடம் அவரைக் குளிருக்கு, காந்தலூர் மலைக்கு, மாற்றியது. புறப்படும்போது கையைப் பிடித்தேன். எல்லோர் கையையும் போல வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், திருடு கொடுத்தவன் மாதிரி நின்றேன். நாற்காலி விஷயத்தை அவர் கடைசிவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்புறம் அவரைப் பார்க்கவும் இல்லை.

இப்போது என் தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது. ஆனாலும் சித்திரை பிறந்தால், யாரும் பார்க்காத நேரத்தில், என் நாற்காலியை இடப்பக்கமாக இரண்டு முழம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறேன்.